மீசை இல்லாத நீள்வட்டம்

ஊசி குத்தும்போது சுவரைத்தான் பார்க்க வேண்டும் என்று முதல் வாரமே எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். சுவரில் கடிகாரம், அது வட்டம். அதற்குக் கீழே சிவப்பாகத் தொங்கும் தீயணைப்பு சிலிண்டர், அது உருளை, தலையில் ஒரு சின்னக் கூம்பு. பக்கத்தில் கதவு, செவ்வகம், செவ்வகத்துக்குள் ஒரு சதுரக் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மனைவி பிலோமினாவின் தலை தெரிந்தால் அது அரைவட்டம். இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் முதல் ஊசி இறங்கியிருக்கும், இரண்டாவதும் இறங்கியிருக்கும், ரெஜினா சிஸ்டர் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருப்பார். இன்றைக்கு விதி வேலை செய்யவில்லை. கண் தானாக வலது பக்கம் போய்விட்டது, ஐந்தாம் படுக்கைக்கு. விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தார்கள், தலையணையில் பள்ளம் இல்லை, மணி ஏழு இருபது. வைரக்கண்ணு மாஸ்டர் ஆறேமுக்காலுக்கே வந்து எடை பார்த்துவிட்டுப் படுக்கையில் ஏறி உட்கார்ந்திருக்கிற ஆள். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை, ஏதோ விசேஷ வீடு என்று சொல்லியிருந்தார், அதுதான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டோம். "மாஸ்டர் இன்னிக்கும் வரலியா சிஸ்டர்?" என்றேன். குழாயில் நின்ற காற்றுக்குமிழியை விரலால் சுண்டிக்கொண்டே அவர், "திங்கக்கிழமை காலைலயாம்ண்ணே, இப்பதான் போன் பண்ணாங்க" என்றார். திங்கட்கிழமை காலை என்ன என்று நான் கேட்கவில்லை. இந்த அறையில் அந்த வாக்கியத்துக்கு மிச்சம் தேவையில்லை. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் டயாலிசிஸ் இல்லாமல் இரண்டு நாள் இடைவெளி, அந்த இரண்டாவது நாள்தான் மோசம் என்று பத்துப் படுக்கைக்கும் தெரியும். பிறகு சிஸ்டர் பொத்தானை அழுத்தினார், பம்ப் சுற்ற ஆரம்பித்தது, என் ரத்தம் குழாயில் ஏறி வெளியே போனது. நான்கு மணி நேரம். செவ்வாய், வியாழன், சனி. இரண்டு வருடமும் ஏழு மாதமும்.

நோட்டை எடுத்தேன். வலது கை சும்மாதானே கிடக்கிறது. ஒரு செவ்வகம் போட்டேன், படுக்கை. அதன் ஒரு முனையில் மூலை மழுங்கிய இன்னொரு செவ்வகம், தலையணை. பக்கத்தில் நிமிர்ந்த செவ்வகம், மெஷின், அதன் நெற்றியில் சின்னதாய் ஒன்று, ஓடாத திரை. நாலு கோடு இழுத்ததும் மூச்சு கொஞ்சம் சீரானது, இதற்காகத்தானே இந்தப் பழக்கம். ஆரம்பத்தில் நான்கு மணி நேரமும் குழாயையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். தன் ரத்தம் தனக்கு வெளியே ஓடுவதை ஒருவன் பார்க்கக் கூடாது, பார்த்துக்கொண்டே இருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் திரும்பி வராமல் போகலாம் என்று தோன்றிவிடும். பிரஷர் ஏறும், சிஸ்டர் வந்து வேற எதையாச்சும் பாருங்கண்ணே, செல்லயாவது பாருங்க என்பார். செல்லில் ஒருநாள் ஒரு பெண்ணின் கை மட்டும் தெரிந்தது, வெள்ளைத் தாளில் டீ டம்ளர் வரைந்துகொண்டிருந்தது. முகம் காட்டாத பெண், குரல் மட்டும், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரல். தினமும் ஒரு படம் போடுங்க, நல்லா வரணும்னு இல்லைங்க, பொருளோட பேரை மட்டும் மறந்துருங்க, இது டம்ளர் இல்லைங்க, மேல ஒரு நீள்வட்டம், கீழ ஒரு நீள்வட்டம், ரெண்டையும் சேர்க்கற ரெண்டு கோடு, உங்களைச் சுத்தி இருக்கற எல்லாமே இந்த நாலஞ்சு வடிவத்துக்குள்ள அடங்கிருமுங்க. அடங்கிவிடும் என்று அவள் சொன்ன மாதிரி எந்த டாக்டரும் என்னிடம் எதையும் சொன்னதில்லை. பெயரை மறந்துவிடலாம். பில்டர் என்பது ஒரு நீண்ட உருளை. பம்ப் என்பது வட்டத்துக்குள் சுற்றும் வட்டம். ரத்தம் என்பது வளைந்து போகிற ஒரு சிவப்புக் கோடு, கோட்டுக்கு என்ன பயம். அன்றைக்கே மகள் ஏழாம் வகுப்பில் பாதி எழுதி விட்டிருந்த நோட்டைத் தேடிப் பையில் வைத்தேன். "படமா போடப் போறீங்க?" என்று பிலோமினா கேட்டாள், சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், முன்பெல்லாம் சிரிப்பாள். நான் ரேஷன் கார்டில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தே சிரித்தவள்.

வீட்டிலும் அதே பார்வை ஒட்டிக்கொண்டது. தோசைக்கல் வட்டம், குக்கர் உருளை, புனலைக் கவிழ்த்தால் கூம்பு. குடம் மட்டும் எதிலும் சேராது, உருண்டை மேல் ஒரு கழுத்து, கழுத்துக்கு மேல் ஒரு வளையம், அதை வரைய உட்கார்ந்தால் தாகம் எடுக்கும், விட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு எனக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று பிலோமினா காலையிலேயே ஒரு பாட்டிலில் பிடித்து அலமாரியில் வைத்துவிடுவாள், பாட்டிலும் உருளை, சாயங்காலத்துக்குள் உருளையில் அடிப்பாகம் மட்டும் மிஞ்சும். ஆஸ்பத்திரிக்கு வருகிற டவுன் பஸ்ஸில் முன்னால் நிற்பவர்களின் தலைகள், வட்டம் வட்டமாக, கம்பியைப் பிடித்த கைகள் முக்கோணம் முக்கோணமாக. இருபத்திரண்டு வருடம் அதே பஸ்களில் கண்டக்டராகத் தோளில் பையோடு நசுங்கி நடந்திருக்கிறேன், அப்போது எனக்கு அவை தலைகள் இல்லை, முகங்கள். டிக்கெட் வாங்கிய முகம், வாங்காத முகம், வாங்கிவிட்டேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட முகம். காந்தி மார்க்கெட்டில் எழுபது பேர் ஏறினால் பாலக்கரை தாண்டுவதற்குள் எழுபது முகமும் எனக்குள்ளே போய் உட்கார்ந்துவிடும். டிப்போவில் என்னைக் காட்டி, அமலதாஸை ஏமாற்ற முடியாது என்பார்கள். பஸ்ஸில் பையை விட்டுவிட்டு இறங்கிய ஒரு அம்மாவை ஒரு வருடம் கழித்துத் தென்னூரில் கீரைக்காரியிடம் நிற்கும்போது பின்னால் இருந்தே கண்டுபிடித்தேன், பின்னால் இருந்து, காதையும் கழுத்தையும் வைத்து. அந்தக் கண் இது. இதே கண்தான்.

மாஸ்டரை வரைய வேண்டும் என்று தேடிப் போகவில்லை. அவர் பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். லால்குடிப் பக்கத்து ஆள், முப்பது வருடம் பரோட்டா போட்டவர். உப்பில்லாத இட்லியைத் தின்றுவிட்டு வந்து படுத்திருக்கிற பத்துப் பேருக்கு நடுவில் சால்னாவுக்கு எப்போது தேங்காய் அரைத்து ஊற்ற வேண்டும் என்று பேசுவார். "மாஸ்டர், பேசாமப் படுங்க, பிரஷர் ஏறுது" என்பார் சிஸ்டர். "எனக்கு ஏறலம்மா, கேக்கறவனுக்குத்தான் ஏறும், அவனைப் பாரு" என்று என்னைக் காட்டுவார். தண்ணீரை மட்டும் அவரால் விட முடியவில்லை. முப்பது வருசம் கல்லு முன்னாடி நின்ன தாகம் கண்டக்டரே, அது டாக்டர் சொன்னாக் கேக்குமா என்பார். ஒவ்வொரு தடவையும் நாலு கிலோ ஏறி வருவார், முகம் ஊதி, கண் இரண்டும் கோடாகி, மீசை இரண்டு கன்னத்துக்கும் நடுவில் புதைந்துபோய். பதினோரு மணிக்கு எழுந்து உட்காரும்போது கன்னம் வற்றி, நெற்றி நிமிர்ந்து, வேறு ஆள். நான் ஒருநாள் போர்வைக்குள் கிடந்த அந்த உடம்பை வரைந்துகொண்டிருந்தேன், கால் ஒரு உருளை, வயிறு ஒரு குவியல், தலைக்கு ஒரு நீள்வட்டம், நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு. அவர் பார்த்துவிட்டார். "என்னையவா போடறீங்க?" என்றார். குரல் மாறியிருந்தது. ஆமாம் என்றேன். உடனே தலையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் மீசையை நீவி, "இத மட்டும் விட்டுராதீங்க, மத்தது எப்படி வந்தாலும் பரவால்ல" என்றார். பிறகு, "ஆனா இப்பப் போடாதீங்க, மூஞ்சி வடியட்டும், பதினோரு மணிக்குப் போடுங்க" என்றார்.

அதிலிருந்து அவர் சீப்பு கொண்டுவர ஆரம்பித்தார். பத்தரை மணியானால் தலையை வாரிக்கொண்டு, மீசையை நீவிக்கொண்டு, என் பக்கம் திரும்பி அசையாமல் இருப்பார். இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம். பேச்சே இல்லாமல், அந்த மனிதர். நானும் பென்சிலை எடுப்பேன், நீள்வட்டம் போடுவேன், இரண்டு கோடு போடுவேன், அதன் பிறகு போர்வைக்குப் போய்விடுவேன். போர்வை சுலபம், பழுப்பில் வெள்ளைக் கோடு போட்ட போர்வை, மடிப்பு மடிப்பாக முக்கோணம் விழும். மெஷின் சுலபம். கட்டில் கம்பி சுலபம். கண்ணுக்கு வரும்போது இன்னொரு நாள் ஆகட்டும் என்று தோன்றும். வரத் தெரியாது என்பது ஒரு காரணம், அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் இருந்தது. மூன்றாம் படுக்கையில் ஒரு டீச்சர் இருந்தார், மணப்பாறைக்காரர், எனக்கு அவருடைய பிள்ளைகள் பெயரெல்லாம் தெரியும், போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. அதற்குப் பிறகு நான் யாருடைய முகத்தையும் உள்ளே விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேனோ என்னவோ. வைத்துக்கொண்டேன் என்று கூடச் சொல்ல முடியாது, அந்தக் கோயம்புத்தூர்க் குரல் எனக்காக அதைச் செய்துகொடுத்தது, பேரை மறந்துருங்க என்று. "முடிஞ்சிருச்சா, காட்டுங்க" என்பார் மாஸ்டர். "இருங்க மாஸ்டர், கொஞ்சம் பாக்கி இருக்கு" என்பேன். "அவசரமில்ல, செவ்வாக்கெழமைய விட்டா வியாழக்கெழமை, நாம என்ன சிங்கப்பூரா போகப் போறோம்" என்பார்.

இப்போது போடலாம். அவர் இல்லை, அவசரமும் இல்லை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது. படுக்கையைப் போட்டாயிற்று, தலையணையில் நீள்வட்டம் போட்டேன், நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று, குறுக்குக் கோட்டின் மேல் கண். கண் எப்படி. கண்ணை மூடிக்கொண்டு மாஸ்டரை வரச் சொன்னேன். போர்வை வந்தது. இடது கையில் புடைத்த நரம்பு வந்தது, அதில் ஒட்டிய பிளாஸ்திரி வந்தது, குரல் வந்தது, சீப்பு வந்தது, பச்சைச் சீப்பு, இரண்டு பல் உடைந்தது. தலையணையில் நீள்வட்டம் மட்டும் கிடந்தது, நான் போட்ட அதே நீள்வட்டம், இரண்டு கோட்டோடு. இன்னொரு தடவை. சால்னா பற்றிப் பேசும்போது வாய் எப்படி இருக்கும், பல் தெரியுமா, மேல் பல்லா கீழ்ப் பல்லா. தெரியவில்லை. மூக்கு. தெரியவில்லை. மச்சம் இருந்ததா, காதில் முடி இருந்ததா, நெற்றியில் கோடு எத்தனை. பத்து மாதம், வாரத்துக்கு மூன்று நாள், கைக்கெட்டும் தூரத்தில், அதிலும் எனக்காக அசையாமல் இருந்த முகம். கீரைக்காரி முன்னால் நின்ற அம்மாவின் காது இப்போதும் தெரிகிறது. தம்பி அந்தோணியின் முகம் தெரிகிறது, அது வேண்டாம் என்றால்கூட வருகிறது, அவன் கிட்னி எனக்குப் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னபோது அவன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும், அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கண்ணில் வந்துவிட்ட மற்றதும். அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் போனை எடுக்காமல் இருப்பது கோபத்தால் இல்லை, வெட்கத்தால், எனக்குத் தெரியும், நானே அவன் இடத்தில் இருந்தால் எடுப்பேனா. அவன் முகம் இருக்கிறது, மாஸ்டர் முகம் இல்லை. கெண்டைக்காலில் நரம்பு இழுத்தது, கட்டைவிரல் தானாக மடங்கியது, மெஷின் கத்தியது. சிஸ்டர் ஓடிவந்து தலைமாட்டைத் தாழ்த்தி, பாதத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, "என்னண்ணே யோசிக்கிறீங்க, யோசிக்காதீங்க" என்றார். "மாஸ்டருக்கு மூக்கு எப்படி சிஸ்டர் இருக்கும்?" என்றேன். அவர் பாதத்தைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் ஐந்தாம் படுக்கையைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கும்" என்றார். அவருக்கும் தெரியவில்லை. அவருக்குக் கைகள்தான் தெரியும், பத்துக் கைகளின் நரம்பும் தெரியும்.

ஒன்பதரை மணிக்குக் கதவுக் கண்ணாடியில் ஒரு தலை தெரிந்தது, பிலோமினா இல்லை. ஒரு பெண் உள்ளே வந்தாள், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும், தலை வாராமல் முடிந்திருந்தாள், கையில் மாஸ்டரின் பைல். சிஸ்டரிடம் ஏதோ தாள் வாங்கிக்கொண்டாள், சிஸ்டர் அலமாரியைத் திறந்து அந்தப் பழுப்புப் போர்வையை எடுத்துக் கொடுத்தார். போர்வையை வாங்கியதும் முகத்தில் வைத்துக்கொள்வாளோ என்று பயந்தேன். வைத்துக்கொள்ளவில்லை, கைக்குள் நாலாக மடித்தாள். பிறகு ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்து என் காலடியில் நின்றாள். "நீங்கதான் கண்டக்டர் சாரா?" என்றாள். ஆமாம்மா என்றேன். "நான் தையல்நாயகி, அவரு மக. அப்பா உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லும்." நான் எழுந்து உட்காரப் பார்த்தேன், குழாய் இழுத்தது. அவள் படுங்க சார், படுங்க சார் என்றாள். என்ன கேட்க வேண்டுமோ அதை நான் கேட்டேன், எப்படி ஆச்சு என்று. "காலைல டீ கேட்டுச்சு, போட்டு எடுத்துட்டு வரேன், அதுக்குள்ள" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் நோட்டை மெதுவாக விரிப்புக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படம் வேணும் சார்" என்றாள். "வீட்ல அப்பா போட்டோவே இல்ல. ரெண்டு வருசமா எடுக்கவே விடாது, மூஞ்சி வடியட்டும் அப்புறம் எடுத்துக்கலாம்னே சொல்லும். காதுகுத்துல எடுத்த ஒண்ணு இருக்கு, அதுல நல்லா வீங்கிப்போயி, அது அப்பாவே இல்லைங்குது எங்கம்மா. ஆதார் போட்டோவைப் பெருசு பண்ணுனா யாரோ மாதிரி இருக்கு. அதான், கண்டக்டர் போட்டிருக்காரு, பதினோரு மணி மூஞ்சியாப் பாத்துப் போட்டிருக்காருன்னு அது சொன்னது எங்கம்மாவுக்கு ஞாபகம் வந்துச்சு. கடையில கேட்டேன் சார், படமா இருந்தாலும் பெருசாக்கி சட்டம் போட்டுத் தருவாங்களாம்." வீட்டில் இருக்கிறது, சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருடம் எத்தனையோ பேர் என்னிடம் சொன்ன பொய்யெல்லாம் எனக்குத் தெரியும், ஒன்றுகூட நேரத்துக்கு வரவில்லை. விரிப்புக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் படத்திலிருந்து புரட்டினாள். சிலிண்டர், கதவு, டம்ளர், பம்ப். பிறகு மாஸ்டர். பக்கம் பக்கமாக மாஸ்டர். நாற்பது பக்கம் இருக்கும், ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தாள், அடுத்ததில் இருக்கும், அடுத்ததில் இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, கடைசிப் பக்கம் வரைக்கும் போய்விட்டு, வேகமாகத் திரும்பி ஆரம்பத்துக்கு வந்தாள். ஒரு நீள்வட்டத்தின் மேல் விரலை வைத்தாள், இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடத்துக்குக் கீழே. "மீசை எங்க சார்?" என்றாள்.

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. வேறு எங்கோ இருக்கிறதா, நான் சரியாகப் பார்க்கவில்லையா என்கிற மாதிரிதான் கேட்டாள். "எனக்கு வரத் தெரியாதும்மா, பழகிக்கிட்டுதான் இருந்தேன்" என்றேன். "நீ சொல்லு, நீ சொல்லச் சொல்ல நான் போடறேன், உக்காரு" என்றேன். சிஸ்டர் ஸ்டூலைத் தள்ளினார். அவள் உட்கார்ந்தாள், புதுப் பக்கம் எடுத்தேன், நீள்வட்டம் போட்டேன். நெற்றி பெருசு சார் என்றாள். மேலே தூக்கினேன். புருவம் சேர்ந்திருக்கும் என்றாள். சேர்த்தேன். மூக்கு என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். "மூக்கு வந்து" என்று இன்னொரு தடவை ஆரம்பித்தாள். கையைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "எல்லாரும் என்னைய எங்கப்பா மாதிரிம்பாங்க" என்றாள். அதனால் அவளையே பார்த்துப் போட்டேன். முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்த்துக் கண் போட்டேன், இமை இமையாக, அவள் அசையாமல் இருந்தாள், அவரைப் போலவே, கீழ் இமையில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது, அது விழவில்லை. வாய் போட்டேன். மீசையைப் போட்டேன், அழுத்தி, நன்றாக முறுக்கி, எனக்கு எப்படித் தெரியும் அது முறுக்கியதா தொங்கியதா என்று, மீசை என்றால் என்னவோ அதைப் போட்டேன். திருப்பிக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். ஒட்டு மீசை வைத்துக்கொண்ட ஒரு பெண் அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும் சார்" என்றாள். நோட்டை மூடி என் வயிற்றின் மேல் வைத்தாள், குழாயில் படாமல் பார்த்து வைத்தாள். "சனிக்கிழமைக்குள்ள யோசிச்சு" என்று நான் ஆரம்பித்தேன். "வேணாம் சார், நீங்க ஒடம்பப் பாருங்க. அம்மாகிட்ட நீங்க ஊருக்குப் போயிட்டீங்கன்னு சொல்லிக்கிறேன், வேற எடத்துல மெஷின் போட்டுக்கறாருன்னு." எனக்காக அவள் பொய் சொல்லப் போகிறாள். லால்குடியில் ஒரு வீட்டில் நான் ஊருக்குப் போனவனாக இருப்பேன், என் பையில் மாஸ்டரின் பதினோரு மணி முகம் இருக்கும், அந்த அம்மா அதை நம்பிக்கொண்டிருப்பார், என்றைக்காவது கண்டக்டர் திரும்பி வருவார் என்று. "மன்னிச்சுக்கம்மா" என்றேன். அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை, மெஷின் சத்தம் அப்படி. போர்வையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு போனாள். அவள் முகமாவது எனக்குள் நின்றதா என்று கதவு மூடியதும் சோதித்துப் பார்த்தேன். கீழ் இமையில் நின்ற தண்ணீர் இருந்தது. மற்றதெல்லாம் அதற்குள்ளேயே மங்க ஆரம்பித்திருந்தது. எனக்குப் பிறகு என் மகளும் இப்படி யாரிடமாவது போய் நிற்பாளா. ஏழாம் படுக்கையில் பேப்பர் படிக்கிறவரிடம் போய், எங்கப்பா எப்படி இருப்பார், நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள் என்று. அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்து நான் கண்டதில்லை. நானும்தான் அவரைப் பார்த்ததில்லை, பேப்பர் செவ்வகம், அதற்குப் பின்னால் ஒரு வழுக்கை.

பத்து மணிக்கு ஐந்தாம் படுக்கைக்கு ஆளைக் கொண்டுவந்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில், கழுத்தில் குழாய் போட்டுப் பஞ்சு வைத்து ஒட்டி. முப்பத்தைந்து வயது இருக்கலாம், ஆபீசுக்குப் போகிற மாதிரி சட்டையை இன் பண்ணியிருந்தான், எங்கேயோ போகிற வழியில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டதைப் போல. கையில் இன்னும் கல்யாணக் கயிறு, சாயம் போகாமல். சிஸ்டர் அவனைப் படுக்க வைத்துக் கழுத்துக் குழாயை மெஷினில் மாட்டினார், அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். இதைப் பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டு பார்த்தேன். இடது புருவத்தில் பழைய தையல் தழும்பு. மூக்கு நுனியில் கொஞ்சம் சப்பை. கீழ் உதட்டைப் பல்லால் கடித்திருந்தான், முன் பல்லில் ஒன்று மற்றதைவிடச் சின்னது. தாடை வலது பக்கம் ஷேவ் சரியாகப் படவில்லை, நாலைந்து முடி விட்டுப்போயிருந்தது. வைரக்கண்ணு மாஸ்டர் படுத்த இடத்தில் இத்தனையும் இருந்தது, ஒரே நிமிடத்தில் இத்தனையும் தெரிந்தது, பத்து மாதத்தில் எத்தனை நிமிடம். பம்ப் சுற்ற ஆரம்பித்ததும் கண்ணைத் திறந்தான், நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான், சிரிக்க முயன்றான். "நீங்க எத்தனை நாளா சார் வர்றீங்க?" என்றான். "கொஞ்ச நாளா" என்றேன். அவன் மேலே ஓடும் குழாயைப் பார்க்கப் போனான், பார்க்காமல் என் பக்கமே திரும்பிக்கொண்டான். "இது எவ்வளவு நாளைக்கு சார் இருக்கும்?" என்றான். நான் அவன் புருவத் தழும்பையே பார்த்துக்கொண்டு, "முதல் தடவைங்கறதால ரெண்டு மணி நேரந்தான்" என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்து வீட்டுக்குப் பேசினான். "ஒண்ணும் இல்ல, பயப்படாத, பன்னெண்டு மணிக்குள்ள முடிஞ்சிருமாம்" என்று சொல்லிவிட்டு, சரிதானே என்பது போல என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.